பையைச் செய்தது நோயாளி

பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தமும் சளியுமாகப் போகும் நோய்க்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று பெயர். முற்றிவிட்டால் பெருங்குடலையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு சிறுகுடலின் முனையை வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். இதுதான் இலியாஸ்டமி. வரலாறு என்று தேடினால் ஆபரேஷன் செய்தவர்களின் பெயர்தான் கிடைக்கும். வீட்டுக்குப் போனவர் எப்படித் தூங்கினார், எப்படி பஸ் ஏறினார்? எனக்கு அதில்தான் ஆர்வம்.

அந்தத் துளையை நம்மால் அடக்க முடியாது. தண்ணீராக நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். அதிலுள்ள செரிமான நொதிகள் பட்டால் தோலே புண்ணாகிவிடும். பஞ்சையும் துணியையும் வைத்துக் கட்டிக்கொண்டு, நாற்றத்துக்குப் பயந்து வெளியே போகாமலே இருந்தவர்கள் உண்டு.

சிகாகோவில் ஆல்ஃபிரட் ஸ்ட்ராஸ் என்ற சர்ஜனிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர் கோனிக், வேதியியல் மாணவர். தோலோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பை ஒன்றைத் தனக்காகச் செய்துகொண்டார். 1940-களில் அது மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. (வாடிக்கையாளரைக் கேட்டுப் பொருளைச் செய் என்று எங்கள் காமர்ஸ் வகுப்பில் சொல்வார்கள். இங்கே வாடிக்கையாளரே செய்துவிட்டார்!)

டாக்டர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லவில்லை. 1952-ல் பர்மிங்ஹாமின் பிரயன் புரூக், குடல் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல மடித்துத் தைத்தார். முனை துருத்திக்கொண்டு நின்றதால் கழிவு நேராகப் பைக்குள் விழுந்தது. கிளீவ்லாண்டில் ரூபர்ட் டர்ன்புல், தோலைக் காப்பாற்ற கராயா பிசினைப் பயன்படுத்தினார். நம் இந்தியக் காட்டு மரத்துப் பிசின்தான் அது.

ஆனால் தினசரிப் பிழைப்புக்கு அது மட்டும் போதுமா? மக்காச்சோளத்தைச் சரியாக மெல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பெருங்குடல் இல்லாததால் உப்பும் தண்ணீரும் அதிகம் வெளியேறும், வெயிலில் இரண்டையும் கூட்ட வேண்டும். பையை எப்போது காலி செய்வது, எந்த உடை போடுவது, கல்யாணம் செய்துகொள்ளலாமா? இதையெல்லாம் அனுபவப்பட்டவரிடம்தான் கேட்க முடியும். 1951-ல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் நோயாளிகளே ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் க்யூ.டி. அவர்கள் படுத்திருந்த இரண்டு வார்டுகளின் எழுத்துகள்!

நார்மா கில் இதே நோயால் 1954-ல் டர்ன்புல்லிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர். நர்சிங் படிக்காதவர். தேறியபின் மற்ற நோயாளிகளுக்குப் பை மாட்டக் கற்றுக்கொடுத்தார். 1958-ல் டர்ன்புல் அவரையே கிளீவ்லாண்ட் கிளினிக்கில் வேலைக்கு வைத்துக்கொண்டார். 1961-ல் அங்கே இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி வந்தது. தொடக்க வருடங்களில் அதில் படிக்க வந்தவர்களில் பலர் வயிற்றில் பையோடு வந்தவர்கள்.