பகிர்வு நிரலகங்களில் தமிழ்ச் சர ஒப்பீடு

பகிர்வு நிரலகங்களில் தமிழ்ச் சர ஒப்பீடு என்பது, பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரலகம் ஒன்று, சி மொழியின் செந்தர நிரலகத்தை மட்டும் சாராமல் தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தவும் தேடவும் கையாளும் முறை ஆகும். பகிர்வு நிரலகங்கள் லினக்சில் எஸ்ஓ கோப்புகளாகவும் விண்டோசில் டிஎல்எல் கோப்புகளாகவும் அமைகின்றன.

சிக்கல்

செந்தர நிரலகத்தின் ஸ்டர்கம்ப் செயற்கூறு, சரங்களை பைட்டு மதிப்பின்படியே ஒப்பிடுகிறது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் வரிசை நெடுங்கணக்கு வரிசையிலிருந்து வேறுபடுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் இரு ஊர்ப்பெயர்கள் இதனை விளக்கப் போதுமானவை.

* ராஜபாளையம்: கிரந்த எழுத்துகள் தமிழ் எழுத்துகளுக்குப் பின் வரும் வழக்கப்படி, ராணிப்பேட்டை, ராமநாதபுரம், ராஜபாளையம் என்பதே வரிசை. ஒருங்குறியில் ஜ (2972), ண (2979), ம (2990) என எண்கள் அமைவதால், ஸ்டர்கம்ப் ராஜபாளையத்தை முதலில் வைக்கும்.
* ஸ்ரீவில்லிபுத்தூர்: முதலெழுத்து முன்னர் ஸகரத்தைக் (3000) கொண்டு குறியேற்றப்பட்டது. 2005 இல் வெளியான ஒருங்குறி 4.1 பதிப்பில் ஶகரம் (2998) சேர்க்கப்பட்ட பின், அதனைக் கொண்டு எழுதுவதே பரிந்துரைக்கப்பட்டது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள். ஒருங்குறி இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. எனவே பட்டியலில் உள்ள ஊரையே தேடினாலும் 'இல்லை' என்ற விடை வரக்கூடும்.

செந்தர வழியும் அதன் எல்லையும்

1989 ஆம் ஆண்டின் சி செந்தரம், மொழிக்கேற்ற ஒப்பீட்டிற்கு ஸ்டர்கால் செயற்கூற்றை அளித்தது. அது செட்லோகேல் மூலம் அமைக்கப்படும் வட்டார அமைப்பைச் சார்ந்தது. மரபான யுனிக்சு நடைமுறையில் இவ்வமைப்பு செயலி முழுமைக்கும் பொதுவானது. பகிர்வு நிரலகம் ஒன்று அதனை மாற்றினால், அழைத்த செயலியின் பிற பகுதிகளிலும் ஒப்பீடு மாறிவிடும். ஒரு வரிசையில் அடுக்கிய பட்டியலில் வேறொரு வரிசைப்படி இருமத் தேடல் நடந்தால், இருக்கும் பெயரும் கிடைக்காமல் போகலாம். மேலும், தமிழ் வட்டாரக் கோப்பு நிறுவப்படாத கணினியில் இவ்வழி பயன்படாது.

மாற்று வழி

1. நிரலகம் தனது எடை அட்டவணையைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளுதல்.
2. ஸகரம் கொண்ட பழைய ஸ்ரீ வடிவத்தை, ஒப்பீட்டிற்கு முன் ஶகர வடிவமாக மாற்றுதல்.
3. மெய்யையும் உயிர்க்குறியையும் ஓரெழுத்தாகக் கொண்டு எடை வழங்குதல். இதில் க் என்பது க என்பதற்கு முன் வரும்.
4. எடைகளாலான திறவுச் சரத்தை உருவாக்கி, அதனை பைட்டு வரிசையில் ஒப்பிடுதல்.

திறவுச் சரத்திற்கான நினைவகத்தை அழைக்கும் செயலியே அளிப்பது பாதுகாப்பானது. விண்டோசில் செயலியும் டிஎல்எல் கோப்பும் தனித்தனி சி நிரலகப் படிகளைக் கொண்டிருந்தால், ஒன்று ஒதுக்கிய நினைவகத்தை மற்றொன்று விடுவிப்பது பிழைக்கு இட்டுச்செல்லும்.

ராஜபாளையம், ராசபாளையம் போன்ற எழுத்து வேறுபாடுகளை இம்முறை தீர்க்காது. அவற்றிற்கு மாற்றுப்பெயர் அட்டவணை தேவை.

பிற்கால வளர்ச்சி

போசிக்ஸ் 2008 செந்தரத்தின் நியூலோகேல் செயற்கூறு, செயலியின் பொது அமைப்பை மாற்றாமல் தனி வட்டார அமைப்பை உருவாக்க வழி செய்தது. ஐசியூ நிரலகம் தமிழ் வரிசை விதிகளைத் தன்னுடனேயே கொண்டுள்ளது. ஆயினும் இரு ஸ்ரீ வடிவங்களும் பழைய தரவுகளில் பரவலாக உள்ளன. அவற்றை ஒன்றாகக் கருதுமாறு ஒருங்குறிச் செந்தரம் பரிந்துரைக்கிறது.