பண்டை நாகரிகமும் பரீட்சை வினாவும்

"சிந்துவெளி நகரங்கள் எவ்வாறு அழிந்தன?" பண்டை நாகரிகங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் தம் மாணாக்கரிடம் கேட்கக்கூடிய வினா இது. பார்வைக்கு எளியது. ஆயினும் இவ்வொரு வினாவின் வரலாற்றை ஆராயுமிடத்து, பழமையை எவ்வாறு கற்பித்தல் வேண்டும், கற்றதை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்னும் இரண்டும் தெளிவாகும்.

1920ஆம் ஆண்டில் இவ்வினாவைக் கேட்டிருத்தலே இயலாது. அத்துணைப் பழைய நகர நாகரிகம் ஒன்று சிந்துவெளியில் இருந்ததை அக்காலத்து அறிஞர் அறிந்திலர். அரப்பாவின் மேட்டிலிருந்து பெயர்த்த செங்கற்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இருப்புப்பாதைக்குத் தளமிடப் பயன்பட்டன. 1921இல் தயாராம் சாஹ்னி அரப்பாவிலும், 1922இல் பானர்ஜி மொகெஞ்சதாரோவிலும் அகழ்ந்தனர். 1924 செப்டெம்பரில் சேர் ஜோன் மார்ஷல் இலண்டன் வார இதழொன்றின் வாயிலாக அச்செய்தியை உலகறியச் செய்தார். அதன் பின்னரே வினாவும் பிறந்தது.

விடை விரைவிலேயே வந்து சேர்ந்தது. மொகெஞ்சதாரோவின் தெருக்களிலும் வீடுகளிலும் முறையாக அடக்கஞ் செய்யப்படாத எலும்புக்கூடுகள் சில கிடைத்திருந்தன. அரப்பாவிலே பெருமதிலொன்றை அகழ்ந்து கண்ட மோட்டிமர் வீலர், 1947இல் வெளிவந்த கட்டுரையிலே, இருக்கு வேதம் கோட்டைகளை அழிப்பவனாகப் போற்றும் இந்திரனோடு இவற்றை இணைத்தார். ஆரியர் படையெடுத்து நகரங்களை அழித்தனர் என்பது அவர் கருத்து. அது கதைபோற் கவர்ச்சி உடையது. மனத்திற் பதிய எளியது. ஆதலின் பாடநூல்களிலும் புகுந்தது. அவ்வாறு எழுதிய மாணாக்கன் புள்ளி பெற்றான்.

1964இல் ஜோர்ஜ் டேல்ஸ் என்னும் தொல்பொருளறிஞர் அச்சான்றுகளை மீண்டும் பரிசோதித்தார். எலும்புக்கூடுகள் யாவும் ஒரே காலத்தன அல்ல. நகரெங்கும் பரந்த எரிவின் அடையாளம் இல்லை. படைக்கலங்களோடு வீழ்ந்த வீரர் எவரும் அகப்பட்டிலர். பின்னர் எலும்புகளை ஆராய்ந்த கெனடி, பெரும்பாலானவற்றிற் கொலைக்காயத்தின் அடையாளமே இல்லையெனக் கண்டார். கி.மு. 1900 அளவிலே நகரவாழ்வு படிப்படியாகத் தளர்ந்தது என்றும், பருவமழை குன்றியமை, ஆறுகளின் போக்கு மாறியமை, மெசொப்பொத்தேமிய வாணிகம் சுருங்கியமை முதலியன அதற்குக் காரணங்களாகலாம் என்றும் இன்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இங்கேதான் ஆசிரியர் சிந்தித்தற்குரிய இடர் எழுகின்றது. 1950இலே, "அவ்வெலும்புகள் யாவும் ஒரே நாளில் வீழ்ந்தோருடையனவா?" என்று ஐயுற்று எழுதிய மாணாக்கன் ஒருவன் இருந்திருப்பின், அவனுக்குப் புள்ளி கிடைத்திருக்குமா? பாடநூலை ஒப்புவித்தவன் வென்றிருப்பான். வரலாற்றறிஞனைப் போலச் சிந்தித்தவன் தோற்றிருப்பான். பிழை விடையில் மட்டுமன்று, அளவுகோலிலும் இருந்தது.

இவ்விடர் தமிழ் மாணாக்கரை மிக நெருங்கியது. சிந்துவெளி மக்கள் பேசியது திராவிட மொழியென எழுதுதல் அவர்களுக்கு மகிழ்ச்சி தரும். அஸ்கோ பர்ப்போலா, ஐராவதம் மகாதேவன் போன்ற பேரறிஞர் அக்கருத்துக்குத் தக்க நியாயங்கள் காட்டியுள்ளனர். எனினும் முத்திரை எழுத்துக்கள் சராசரி ஐந்து குறிகளே கொண்டவை. இருமொழிச் சாசனம் எதுவும் கிடைத்திலது. வாசிப்பு எதுவும் எல்லோராலும் ஏற்கப்பட்டிலது. உவப்பான கருத்தையும் கருத்தென்றே எழுதும் பயிற்சியை வகுப்பறை அளித்தல் வேண்டும். இல்லையேல், மேடையிலே உரத்துப் பேசுவோன் கூறுவதே அவர்களுக்கு வரலாறாகிவிடும்.

பயிற்சிக்குரிய வழி கடினமானதன்று. சிந்துவெளியிற் கிடைத்த கனசதுரக் கல் நிறைகளை எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் விகிதம் 1, 2, 4, 8, 16, 32, 64 எனச் செல்லும். பதினாறாம் அலகின் நிறை ஏறத்தாழ 13.7 கிராம். நெடுந்தூரம் பிரிந்த நகரங்களிலும் அதே அளவை காணப்படுகின்றது. இது கண்ட செய்தி. வாணிகத்திலே பொதுவிதி நிலவியது என்பது உய்த்துணர்ந்தது. அவ்விதியை நடைமுறைப்படுத்தியோர் யாவர் என்பது அறியப்படாதது. இம்மூன்றையும் மூன்று நிரல்களாகப் பிரித்தெழுதச் சிறுவராலும் இயலும். அவ்வாறே, 17.5 சென்ரிமீற்றர் உயரமுள்ள கற்சிலையைக் காட்டி, அதற்குக் "குருவரசன்" என்னும் பெயர் எங்கிருந்து வந்ததெனக் கேட்கலாம். அப்பெயர் அகழ்ந்தோர் இட்டதேயன்றிச் சிலையிற் பொறித்ததன்று.

பரீட்சையும் இதற்கிசைய மாறுதல் வேண்டும். இத்தகைய விடைகளைத் திருத்துதல் கடினம் என்பது உண்மை. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை எதிர்கொள்ளும் பரீட்சகர் ஒற்றை விடையை விரும்புதல் இயல்பே. ஆண்டும் இடமும் பெயரும் அறியாதவன் ஆராயவும் வல்லனல்லன் என்பதும் மறுக்கவொண்ணாதது. ஆதலின் செய்தியறிவுக்குப் பாதிப் புள்ளியும், சான்றினின்று முடிபுக்குச் செல்லும் முறைக்கு மறுபாதியும் வகுத்தல் தகும்.

அந்நிலையில் முதல் வினாவும் வேறுருப் பெறும்: "சிந்துவெளி நகரங்களின் வீழ்ச்சிக்குக் கூறப்பட்ட காரணங்கள் இரண்டினைத் தந்து, ஒவ்வொன்றுக்குமுரிய சான்றின் வலிமையை ஆராய்க." நாளை புதியதோர் அகழ்வு இன்றைய கருத்தையும் மாற்றலாம். அப்பொழுதும், இவ்வினாவுக்குச் செவ்வனே விடையெழுதிய மாணாக்கன் கற்றது வீணாகாது. புதிய சான்றையும் எடைபோட அவன் முன்னரே பழகியிருப்பான்.