உருண்டை கூம்பான கதை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், வருவது புல்லட் என்று. 1955-இல் இங்கிலாந்தின் எண்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து எண்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை எழுந்தது இந்தத் திருவொற்றியூரில். அந்தக் கம்பெனிக்குப் பெயர் வந்ததே துப்பாக்கியால்தான். சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்களுக்கு 1890-களில் எண்ஃபீல்டு என்ற ஊரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து உதிரிபாக ஆர்டர் வந்தது. அந்தப் பெருமையில் ஊர்ப் பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். பீரங்கிதான் சின்னம். 1932-இல் ஒரு மோட்டார் சைக்கிள் மாடலுக்குப் புல்லட் என்று பேர் வைத்தார்கள்.

வண்டியின் கதை ஊரறிந்தது. வண்டிக்குப் பெயர் கொடுத்த குண்டின் கதையில் தென்னிந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு என்பது அவ்வளவாக யார் காதிலும் விழுந்ததில்லை.

தமிழில் குண்டு என்றாலே உருண்டை. துப்பாக்கிக் குண்டும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் அந்தப் பெயர். அதிலும் பொடியாக இருந்தால் ரவை. அடுப்படியிலும் புழங்கும் சொல்! குண்டு கூம்பாக மாறி நூற்றெழுபது வருஷம் ஓடிவிட்டது, தமிழ் இன்னும் அதை உருண்டையாகவே கூப்பிடுகிறது.

உருண்டையில் ஒரு தொல்லை இருந்தது. பழைய துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் வாய்ப்பக்கமாகப் போட்டு இடிக்க வேண்டும். சுலபமாக உள்ளே இறங்க, குண்டு குழலைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தாக வேண்டும். சிறிதாக இருந்தாலோ, மருந்து வெடித்த வேகத்தில் பாதி இடுக்கு வழியே ஓடிவிடும். குண்டு குழலுக்குள் தட்டித் தடுமாறி எங்கேயோ போகும். குழலுக்குள் சுருள் பள்ளம் வெட்டினால் குறி தப்பாது. ஆனால் பள்ளத்தைக் கவ்வும் அளவுக்கு இறுக்கமான குண்டைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். சண்டைக்கு நடுவில் அதற்கு யாருக்கு நேரம்?

பிரிட்டிஷ் படையின் 34-ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் இதற்கு விடை கண்டது தென்னிந்தியாவில் பார்த்த ஊதுகுழலில். வேட்டைக்காரர் வாயால் ஊதி அம்பெய்யும் நீளக் குழல் அது. அம்பின் அடியில் மெத்தென்ற தாமரை நெட்டி. மூச்சு பட்டதும் நெட்டி விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். காற்று துளியும் வீணாகாது. (ஆங்கிலக் குறிப்புகள் தாமரை என்கின்றன. தஞ்சாவூர் நெட்டி வேலையைப் பார்த்த எனக்கு, அது குளத்து நெட்டியாக இருந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம்.) 1823-இல் நார்ட்டன் அடிப்பக்கம் குழிந்த நீளக் குண்டு ஒன்றைச் செய்தார். நெட்டி செய்ததை ஈயம் செய்யும்: வெடியின் அழுத்தத்தில் குழியின் விளிம்பு விரிந்து குழலைக் கவ்வும். போருக்கு உருண்டைதான் லாயக்கு என்று மேலிடம் தள்ளிவிட்டது. 1830-களில் வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் அடிக்குழியில் ஆப்பு வைத்துப் பார்த்தார், அதையும் தள்ளினார்கள். 1849-இல் பிரெஞ்சு அதிகாரி மினியே ஏறக்குறைய அதையே செய்தபோது பிரிட்டிஷ் அரசு 20,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. கிரீனர் சண்டை போட்டு 1857-இல் 1,000 பவுண்டு பெற்றார். அதே 1857-இல்தான் அந்த வகைக் குண்டை வைத்துச் சுற்றிய எண்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவின் கொழுப்பு வட இந்தியாவில் சிப்பாய்க் கலகத்தைப் பற்றவைத்தது. ஊதுகுழல்காரருக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டாம்.

இந்தக் குண்டுகள் பிறந்தது அச்சில். பாக்குவெட்டியைப் பார்த்தவர்களுக்குக் குண்டு அச்சை விளக்க வேண்டியதில்லை: இரண்டு கைப்பிடி, இரண்டு பாதி, ஓர் ஆணி. மூடினால் நடுவே குண்டின் வடிவில் வெற்றிடம். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்பே போதும். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும், அதிகம் காய்ந்தால் மேல் பூத்தாற்போல் ஆகும். விளக்குப் புகையில் கரி பிடிக்கவிட்டால் குண்டு ஒட்டாமல் கழன்று விழும். ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய ஈயத்தில் விழுந்தாலோ, முகத்துக்கே வெடிக்கும். அடிக்குழிக் குண்டுக்கு அச்சில் கூடுதலாக ஒரு முளை வேண்டும். அந்த முளை நடு விலகினால் குண்டின் சுவர் ஒருபக்கம் தடிக்கும், குறி தப்பும்.

ரிவால்வருக்குக் கணக்கே தலைகீழ். கோல்ட் கம்பெனியின் பழைய ரிவால்வர்கள் பெட்டியோடு விற்கப்பட்டபோது, அச்சும் உள்ளே இருந்தது. பலவற்றில் இரண்டு குழி, ஒன்று உருண்டைக்கு, ஒன்று கூம்புக்கு. அச்சு தேர்கிறவர் சுழலும் அறையைவிடக் குண்டு ஒரு மயிரிழை பெரிதாக வரும்படி பார்ப்பார். இடித்து இறக்கும்போது ஈயம் மெல்லிய வளையமாகச் சீவிக்கொண்டு வந்தால் சரியான அச்சு. வளையம் வராவிட்டால் குண்டு தளர்ந்து முன்னே நகர்ந்துவிடும். பித்தளைத் தோட்டா வந்த பிறகு குண்டு வார்க்கும் வேலை பெரும்பாலும் தொழிற்சாலைக்குள் போய்விட்டது.

ஆனால் ஈயம் வார்க்கும் வேலை வடசென்னையில் இன்னும் நடக்கிறது, மீன் வலைக்காக. வலையின் மேல் கயிற்றுக்கு மிதவை, அடிக் கயிற்றுக்கு ஈயம். காசிமேட்டில் இதைக் குழந்தையும் சொல்லும். வலை ஈயத்துக்கும் இரண்டு பாதி அச்சுதான். கயிறு நுழைய ஓட்டை வேண்டுமே, அதற்காக நடுவில் ஒரு கம்பி. முளைக்குப் பதில் கம்பி, அவ்வளவே. ஈயத்தை ஊற்றி, ஒரு நிமிஷம் பொறுத்து, அச்சைப் பிரித்துக் கம்பியை உருவினால், டொக்கென்று தரையில் விழும். ஆறும்வரை யாரும் தொடுவதில்லை.