கீழ்ப்பாக்கம் என்னும் சொல்



மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யும்போது, "நீ கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாமும் சிறுவயதில் சொன்னவர்கள்தாம். ஓர் ஊரின் பெயர் எப்படி வசைச்சொல்லாயிற்று என்று நாம் யோசித்ததில்லை. அந்த வரலாற்றை இந்த வாரம் சற்றே பார்ப்போம்.

1794ஆம் ஆண்டில் வாலண்டைன் கானலி என்ற ஆங்கிலேய மருத்துவர், புரசைவாக்கத்தில் மனநோயாளருக்கென ஒரு தனியார் விடுதியை அமைத்தார். பின்னர் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் எனப்பட்ட அறுபது ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அரசு கட்டடங்களை எழுப்பி, 1871இல் காப்பகத்தைத் திறந்தது. காப்பகம் என்ற பெயரிலேயே அதன் நோக்கம் விளங்கும். பித்தர்களைப் பற்றிய 1858ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பின்வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளே அனுப்பும் முறையைப் பற்றியே பெரிதும் பேசின. நோயாளி தப்பிவிடாமல் பார்த்துக்கொள்வதே அங்கிருந்தவர்களின் முதல் வேலையாயிருந்தது. அவன் இரவில் உறங்கினானா, உண்டானா, எதற்கு அஞ்சி மூலையில் ஒடுங்கினான் என்று கேட்பதற்கு ஆள் இல்லை. மதிலுக்கு வெளியே நின்ற நகரமோ உள்ளே நடந்ததை அறியாமல், அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது.

1952இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்கு உதவுவதாகக் கண்டார்கள். அதன்பின் உலகெங்கும் மதில்களுக்குள் இருந்தவர்களோடு பேச முடிந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் டாக்டர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கத்தில் பணியில் சேர்ந்தார். மங்களூரில் பிறந்து, நம் நகரத்தின் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுகிறவர். 1961 முதல் 1978 வரை அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். மாத்திரையோடு மருத்துவம் முடிவதில்லை, வீடு திரும்புகிறவனுக்கு வேலையும் உறவும் வேண்டும் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார். ஓய்வுபெற்ற பின்னும் அவர் அமைதியாக உட்காரவில்லை. 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல், தொண்ணூற்றெட்டாம் வயதில் மறைந்தார்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனச்சிதைவு வந்தால் வாழ்வு முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் 1981இல் தொடங்கி, இந்நோய் முதன்முறையாகக் கண்ட தொண்ணூறு பேரைச் சென்னை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டுகளின் முடிவில், தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களுள் பெரும்பாலோர் நோய்க்குறிகள் அடங்கிய நிலையில் இருந்தார்கள். இது நம் தெருக்களில் வாழ்ந்தவர்களைப் பற்றிய கணக்கு.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் 1957இல் பாகாயத்தில் மனநல நிலையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கவேண்டும் என்ற வழக்கத்தை வளர்த்தது. மருந்து கொடுக்கவும், மறுபடி நோய் தலைகாட்டுவதை முன்கூட்டியே உணரவும் செவிலியர்கள் தாய்க்கும் மனைவிக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

இவ்வளவு நடந்த பின்னும் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அது தர்கா இருக்கும் ஊர் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. ஜெபவீடு என்று பெயரிட்ட இடங்களிலும் கட்டிவைக்கப்பட்டவர்களை நான் கண்டதுண்டு. கதரேனருடைய நாட்டில் கல்லறைகளுக்குள் இருந்த மனிதனுக்குச் சங்கிலி போட்டவர்கள் ஊரார். ஆண்டவர் அவனிடம் பெயரைக் கேட்டார். இந்த வேறுபாட்டை எத்தனை முறை பிரசங்கித்தும் நான் கவனிக்கவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்திருக்கிறது.

கவனிக்கவில்லை என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அடையாறில் ஒரு வீட்டார் தங்கள் மகனுக்காக என்னை அழைத்தார்கள். நான் மூன்று நாள் உபவாசம் சொன்னேன். என்னோடு வந்திருந்த சகோதரி ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர். அவர் ஜெபம் முடியும்வரை பேசவில்லை. பின்பு அந்தப் பையனுக்கு எதிரே தரையில் அமர்ந்து, "தம்பி, ராத்திரி தூக்கம் வருகிறதா? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? யாராவது பேசுவதுபோலக் காதில் கேட்கிறதா? அந்தக் குரல் ஏதாவது செய்யச் சொல்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார். அதன்பின், "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்றும் கேட்டார். நான் பதறினேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயந்தேன். கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை, சொல்ல ஒரு வழிதான் திறக்கிறது என்று அவர் பிறகு எனக்கு விளக்கினார். பையன் "ஆமாம்" என்றான். நான்கு நாட்களாக அவன் உறங்கவில்லை. அவன் தாய்க்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலையே அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஆட்டோவில் ஏறியதும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, கீழ்ப்பாக்கத்துக்கா?"