தலைகீழாகத் தெரிந்த கடல்

யுத்தக் கப்பல்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கப்பல் எத்தனை கப்பல்களை மூழ்கடித்தது என்பதை வைத்தே அதன் முக்கியத்துவத்தை நிர்ணயித்துவிடுவார்கள். அந்தக் கணக்குப்படி ‘ஹாலந்து 1’ என்ற படகுக்குச் சரித்திரமே கிடையாது. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி அது. 1901இல் நீரில் இறக்கப்பட்டு 1913இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. இடையில் எந்த எதிரிக் கப்பலின் மீதும் அது டார்ப்பிடோ விட்டதில்லை. ஆனாலும், ஓர் அதிகாரம் தன் நியாயங்களை எப்படி மாற்றி மாற்றி எழுதிக்கொள்கிறது என்பதை இந்தச் சின்னப் படகைப் போலத் தெளிவாகக் காட்டிய கப்பல் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

படகுக்குத் தன் பெயரைத் தந்த ஜான் பிலிப் ஹாலந்து 1841இல் அயர்லாந்தின் கிளேர் பகுதியில் பிறந்தவர். பெரும் பஞ்சத்தின் வருஷங்களில் சிறுவனாக இருந்தவர். பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்து, 1873இல் அமெரிக்கா போனார். அங்கே அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் ஃபீனியன்கள். அயர்லாந்தை ஆயுதபலத்தால் விடுவிக்க நினைத்த ரகசிய இயக்கத்தினர். உலகத்தின் மிகப் பெரிய கடற்படையை, கப்பலே இல்லாத ஒரு ஜனக்கூட்டம் எப்படி எதிர்ப்பது என்ற கேள்விக்குப் பதிலாக ‘ஃபீனியன் ராம்’ என்ற நீர்மூழ்கி 1881இல் நியூயார்க்கில் உருவாயிற்று. பிறகு இயக்கத்தினருக்குள் பணத் தகராறு. 1883இல் அவர்களில் சிலரே அந்தப் படகைத் திருடிக்கொண்டு போனார்கள். அதை ஓட்டுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஹாலந்து அவர்களை விட்டு விலகினார்.

1900இல் அமெரிக்கக் கடற்படை ஹாலந்தின் படகு ஒன்றை வாங்கியது. அதே வருஷம் பிரிட்டிஷ் அட்மிரால்டியும் அதே வடிவத்தில் ஐந்து படகுகளுக்கு ஏற்பாடு செய்தது. பிரிட்டனை மூழ்கடிக்கக் கனவு கண்டவர்களின் காசில் வளர்ந்த யோசனை, கம்பெனிகள் வழியாக, உரிமத் தொகை சகிதம், பிரிட்டனுக்கே வந்து சேர்ந்தது. இதை விதியின் விளையாட்டு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. பலவீனன் கண்டுபிடிக்கிற ஆயுதத்தை வாங்கும் சக்தி எப்போதும் பலசாலியிடம்தான் இருக்கிறது. சந்தை என்பதன் சாதாரண இயக்கம் இது.

வாங்கியவர்களுக்கோ அதைப் பற்றிக் கூச்சம் இருந்தது. பெரிய கப்பல்களின் எண்ணிக்கையில்தான் அவர்களுடைய ஆதிக்கமே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படகு அந்த எண்ணிக்கையை அர்த்தமற்றதாக்கிவிடும். நீர்மூழ்கி என்பது தற்காப்பில் இருக்கும் நாடுகளின் ஆயுதம் என்று மேலிடத்தில் பேச்சு இருந்தது. அட்மிரல் ஆர்தர் வில்சன் ஒரு படி மேலே போனார். இது மறைமுகமானது, நியாயமற்றது, ஆங்கிலேயனுக்கு ஒவ்வாதது என்று அவர் சொன்னதாக வழங்கிவருகிறது. பிடிபடும் நீர்மூழ்கிக்காரர்களைக் கடற்கொள்ளையராகவே நடத்த வேண்டும் என்பதும் அவர் பெயரில் நிலவும் கருத்து. இந்தத் தர்மாவேசத்தின் அடியில் இருந்தது பயம். நேருக்கு நேர் நின்று போரிடுவதுதான் வீரம் என்று சொல்வதற்கு, நேருக்கு நேர் நின்றால் ஜெயிக்கிற வசதி வேண்டும்.

பாரோ நகரத்தில், விக்கர்ஸ் கம்பெனியின் தளத்தில், உல்லாசப் படகுக் கொட்டகை என்று எழுதிய கட்டடத்துக்குள் ஹாலந்து 1 உருவானது. உதிரிபாகங்களில் ‘மிதவை எண் 1’ என்று குறித்திருந்தார்கள். 1901 அக்டோபர் 2ஆம் தேதி சடங்கு, வாத்தியம் எதுவுமில்லாமல் நீரில் இறக்கினார்கள். சொந்தக் கடற்படையின் கப்பலைக் கள்ளச் சரக்கைப் போல ஒளித்து வைத்ததைப் பார்க்கும்போது, வில்சனின் கூச்சத்தை ஸ்தாபனம் முழுவதுமே பகிர்ந்துகொண்டது என்று படுகிறது.

படகின் நீளம் 64 அடிக்குச் சற்றுக் குறைவு. எட்டு பேர். ஒரே ஒரு டார்ப்பிடோக் குழாய். நீரின் மேல் ஓட 160 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின், அடியில் ஓட பாட்டரியும் மின் மோட்டாரும். உள்ளே தடுப்புச் சுவர் எதுவும் கிடையாது. எஞ்சின், பாட்டரி, டார்ப்பிடோ, மனிதர்கள் எல்லாம் ஒரே குழாய்க்குள். பெட்ரோல் ஆவியும் எஞ்சினின் நச்சுப் புகையும் தேங்கினால் முன்கூட்டித் தெரியவேண்டும் என்று வெள்ளெலிகளைக் கூடவே கொண்டுபோனார்கள். எலி சோர்ந்து விழுந்தால் மனிதன் மேலே வரவேண்டும். 1903 மார்ச்சில் படகுக்குள் ஒரு வெடிவிபத்து. நான்கு பேருக்குக் காயம்.

அமெரிக்க மூலத்தில் பெரிஸ்கோப் இல்லை. வெளியே பார்க்க வேண்டுமானால் படகு தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி அமிழ வேண்டும். நீர்மூழ்கிகளுக்குப் பொறுப்பேற்ற காப்டன் ரெஜினால்ட் பேக்கன், டப்ளினைச் சேர்ந்த கண்ணாடி நிபுணர் ஹோவர்ட் கிரப்பின் உதவியோடு ஒரு பெரிஸ்கோப் பொருத்தினார். அதில் ஒரு விசித்திரம். முன்னால் இருக்கிற கப்பல் நேராகத் தெரியும். பக்கவாட்டில் திருப்பினால் கப்பல் படுத்துக்கொண்டு தெரியும். பின்னால் திருப்பினால் தலைகீழ். உள்ளே இருப்பவன் தான் பார்ப்பது எந்தத் திசை என்பதை நினைவில் வைத்து, மனசுக்குள் கடலை நிமிர்த்திக்கொள்ள வேண்டும்.

இந்தப் படகுகளின் வேலை பயிற்சி. 1904 மார்ச் 18ஆம் தேதி அப்படி ஒரு ஒத்திகையின்போது அடுத்த ரகமான ‘ஏ1’ மீது ஒரு பயணிகள் கப்பல் மோதிற்று. உள்ளே இருந்த 11 பேரும் இறந்தார்கள். எதிரியே இல்லாத காலத்தில் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளின் சாவுக் கணக்கு இப்படித் தொடங்கியது.

அதே வருஷம் அக்டோபரில் ஹாலந்து 1 போருக்கு மிக அருகில் போனது. ஜப்பானோடு சண்டையிடக் கிழக்கே கிளம்பிய ரஷ்யக் கடற்படை, வட கடலில் டாகர் பாங்க் அருகே, இரவில், பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளை ஜப்பானிய டார்ப்பிடோப் படகுகள் என்று எண்ணிச் சுட்டது. மீனவர்கள் இறந்தார்கள். ஒரு படகு மூழ்கியது. ரஷ்யர்களைத் தாக்க 24ஆம் தேதி ஹாலந்து படகுகளும் சில ‘ஏ’ ரகப் படகுகளும் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டன. தாக்குதலுக்கு முன்பே திரும்ப அழைக்கப்பட்டன. இல்லாத எதிரியைக் கண்டு பயந்து சுட்டவர்களை, கண்ணுக்குத் தெரியாத படகு ஒன்று தேடிப் போனது. அதன் பன்னிரண்டு வருஷ சேவையின் உச்சம் இந்தப் பாதிப் பயணம்தான்.

1913 அக்டோபரில் 410 பவுனுக்கு விலைபோயிற்று. உடைக்க இழுத்துச் சென்றபோது புயலில் சிக்கி, எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மூழ்கியது. உள்ளே யாருமில்லை. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 12ஆம் தேதி ஜான் ஹாலந்து இறந்தார். பிரிட்டன் போரில் இறங்கி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. செப்டம்பர் 22ஆம் தேதி ஒரே காலைப்பொழுதில், ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் க்ரூஸர்களை மூழ்கடித்தது. 1,400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். எண்ணிக்கை அர்த்தமிழந்துவிடும் என்ற பயம் உண்மையாயிற்று.

அதற்கு ஒன்பது நாள் முன்னால் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரிட்டிஷ் நீர்மூழ்கி ‘இ9’ இன் தலைவர் மாக்ஸ் ஹார்ட்டன் ‘ஹேலா’ என்ற ஜெர்மன் கப்பலை மூழ்கடித்துவிட்டு, மண்டையோட்டுக் கொடியை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குத் திரும்பினார். வில்சன் வசையாகச் சொன்ன கொள்ளைக்காரப் பட்டத்தை அவர் விருதாக எடுத்து அணிந்துகொண்டார். பதிமூன்று வருஷத்தில் தர்மம் திசை மாறிவிட்டது. அதை நியாயப்படுத்த எந்தத் தத்துவ விசாரமும் நடக்கவில்லை. ஆயுதம் இப்போது தன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கடலடியில் கிடந்த ஹாலந்து 1ஐ 1981 ஏப்ரலில் கண்டுபிடித்தார்கள். 1982 நவம்பரில் மேலே கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் மே 2ஆம் தேதி பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கி ‘காங்கரர்’, பால்க்லந்து யுத்தத்தில் ‘ஜெனரல் பெல்கிரானோ’வை மூழ்கடித்திருந்தது. 323 அர்ஜன்டினர்கள் இறந்தார்கள். பிரிட்டன் தானே அறிவித்த தடைவளையத்துக்கு வெளியே அந்தக் கப்பல் இருந்தது. அது நியாயமா என்று பிரிட்டனுக்குள்ளேயே கேட்டார்கள். ஜூலையில் காங்கரர் ஊர் திரும்பியபோது அதே மண்டையோட்டுக் கொடி பறந்தது. அதாவது, முதல் படகும் அந்தக் கொடியும் ஒரே வருஷத்தில் வெளிச்சத்துக்கு வந்தன. முதலாவதைப் பாரம்பரியம் என்றார்கள். இரண்டாவதையும் பாரம்பரியம் என்றார்கள்.

காஸ்போர்ட்டில் உள்ள நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் 1983இல் படகை வைத்தார்கள். அறுபத்தொன்பது வருஷம் உப்பு நீரில் தாக்குப்பிடித்த இரும்பு, காற்றில் பத்து வருஷத்துக்குள் பொரிந்து உதிரத் தொடங்கியது. உலோகத்துக்குள் ஊறிவிட்ட குளோரைடு உப்பும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து செய்த வேலை. மேலே பூசிய ரசாயனங்கள் அதைத் தடுக்கவில்லை. 1995இல் படகு முழுவதையும் ஒரு பெரிய தொட்டியில், சோடியம் கார்பனேட் கரைசலில் அமிழ்த்தினார்கள். உப்பு வெளியேற நான்கு வருஷம் பிடித்தது. பிறகு ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட தனிக் கட்டடம் எழுப்பி 2001இல் பார்வைக்குத் திறந்தார்கள்.

இரும்புக்கு இப்படி ஒரு சிகிச்சை சாத்தியம். சரித்திரத்துக்குள் ஊறியதை வெளியே எடுப்பது கடினமாக இருக்கிறது. பார்வையாளர்கள் பார்ப்பது ‘பிரிட்டனின் முதல் நீர்மூழ்கி’யை. அதன் முதல் வரைபடத்துக்குக் காசு கொடுத்தவர்கள் பிரிட்டனை வெறுத்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்ப்பவனுக்குத்தான் அந்த எட்டு பேர் குழாய் முழுசாகத் தெரியும்.