கொச்சை எனப்பட்ட மொழியில் ஒரு கட்சி ஏடு

ரஷ்யப் பேரரசின் 1897ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், அங்கு வாழ்ந்த யூதருள் 100க்கு 97 பேர் இத்திஷ் மொழியைத் தம் தாய்மொழியாகக் குறித்தனர். எபிரேய எழுத்தில் எழுதப்படும் ஜெர்மானியக் குடும்ப மொழி அது. ஆயினும் கற்றோர் பலர் அதனை மொழியென ஏற்றிலர். 'ஜார்கோன்', அதாவது கொச்சை, என்றே வழங்கினர். அம்மொழியில் வெளிவந்த ஒரு கட்சி ஏட்டின் வரலாற்றை இப்பின்னணியில் வைத்தே நாம் நோக்குதல் வேண்டும்.

'தொழிலாளர் குரல்' எனப் பொருள்படும் 'அர்பெட்டர் ஷ்டிமெ' 1897இல் மறைவாக அச்சேறியது. அவ்வாண்டு வில்னா நகரில் நிறுவப்பெற்ற 'பண்ட்' எனும் யூதத் தொழிலாளர் சோசலிசக் கட்சி அதனைத் தன் நடுவண் ஏடாக ஏற்றுக்கொண்டது. இம்முயற்சியின் முன்னோடிகள் மொழிப்பற்றாளர் அல்லர் என்பது கருதத்தக்கது. அவர்கள் ரஷ்ய மொழியில் கற்று, அதிலேயே சிந்தித்த இளைஞர்கள். சிறு படிப்பு வட்டங்களை விடுத்துப் பெருந்திரளான தொழிலாளரை நாடியபோதுதான் இத்திஷ் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1895இல் அம்மொழி நூல்களைப் பரப்ப அமைந்த குழுக்களுக்கும் 'ஜார்கோன் குழுக்கள்' என்றே பெயர். மொழி அவர்களுக்கு ஒரு கருவி, அவ்வளவே.

1898 ஜூலையில் பொப்ருய்ஸ்கிலிருந்த மறைவு அச்சகத்தைக் காவல்துறையினர் கைப்பற்றினர். தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். ஏடு மீண்டும் வந்தது. 1905ஆம் ஆண்டுப் புரட்சியின் பயனாகச் சட்டப்படி நாளேடு நடத்த வாய்ப்புக் கிட்டியது; அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இவ்வரலாற்றில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பவர் விளாடிமிர் மெடெம். 1879இல் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே கிறித்துவத் திருமுழுக்குப் பெற்று, ரஷ்ய மொழிச் சூழலில் வளர்ந்தவர். இத்திஷ் இவர் வீட்டு மொழியன்று. வளர்ந்தபின் முயன்று கற்ற மொழி. முதல் உலகப்போரில் ஜெர்மானியர் வார்சாவைக் கைப்பற்றிய 1915இல் சிறையினின்று விடுதலையான இவர், மறு ஆண்டே அங்குத் தோன்றிய 'லெபன்ஸ்ஃப்ராகன்' இதழுக்கு ஆசிரியரானார். கருவியாகக் கொண்ட மொழி, கொண்டவரையே தனதாக்கிக்கொண்டது என நாம் கூறுவது மிகையாகாது.

அவ்விதழ் 1920இல் தடைப்பட்ட பின்னர், 1921இல் 'மக்கள் ஏடு' எனும் பொருளுடைய 'ஃபோல்க்ஸ்ட்சைட்டுங்' வார்சாவில் தொடங்கப்பெற்றது. 1926 முதல் 'நையே', அதாவது 'புதிய', எனும் அடைமொழியைப் பெற்றது. விற்பனையில் 'ஹைண்ட்', 'மொமெண்ட்' ஆகிய நாளேடுகளே முந்தி நின்றன. எனினும், சிறுவர்க்கெனத் தனிப் பகுதி வெளியிட்டு, இத்திஷ் வழிப் பள்ளிகளுக்கு அரணாக நின்ற சிறப்பு இதற்கு உண்டு. தாய்மொழி ஆசிரியர்கள் இதன் அருமையை எளிதில் உணர்வர்.

1939 செப்டம்பரில் வார்சா முற்றுகைக்குள்ளான நாள்களிலும் ஏடு வெளிவந்தது. நகர் வீழ்ந்ததும் நின்றது. அதன் தூண்களாக விளங்கிய ஹென்ரிக் எர்லிக், விக்டர் அல்டர் இருவரையும் சோவியத் அரசு சிறைப்படுத்தியது. எர்லிக் 1942இல் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அல்டர் 1943இல் கொல்லப்பட்டார். வார்சாவில் எஞ்சிய கட்சியினர், நாஜிகள் யூதரை அடைத்து வைத்த பகுதியினுள், படியெடுக்கும் பொறி கொண்டு 1940 முதல் மீண்டும் மறைவிதழ்களை வெளியிட்டனர்.