ஆபரேஷன் முடிந்தும் மூக்கால் பேசும் குழந்தை: காரணம் என்ன? பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப்பிளவு அல்லது அண்ணப்பிளவுடன் பிறக்கிறது. அண்ணப்பிளவை பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்து மூடிவிடுகிறார்கள். "அதான் தைச்சாச்சே, பேச்சு தானா வந்துடும்" என்பது பல வீடுகளின் நம்பிக்கை. ஆனால், பள்ளிக்குப் போன பிறகும் சில குழந்தைகள் பேசுவது மற்றவர்களுக்குப் புரிவதில்லை. ஏன்?

காற்று எங்கே போகிறது?

ப, ட, த, க, ச போன்ற எழுத்துகளைச் சொல்லும்போது, அண்ணத்தின் பின்பகுதி மேலே எழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். தைத்த அண்ணம் நீளம் குறைவாகவோ, சரியாக அசையாமலோ இருந்தால் காற்று மூக்கு வழியே கசியும். 'பாப்பா' என்பது 'மாம்மா' போலக் கேட்கும். சில குழந்தைகள் 'க'வுக்குப் பதில் தொண்டையை இறுக்கி ஒரு சத்தம் எழுப்பிப் பழகிவிடும்.

நடுக்காதில் நீர் கோர்த்து காது மந்தமாவதும், பல்வரிசை சரியில்லாததும் உச்சரிப்பைப் பாதிக்கும்.

வீட்டிலேயே கவனிக்கலாம்

குழந்தை 'அப்பா', 'காக்கா' என்று சொல்லும்போது மட்டும் மூக்குக்குக் கீழே சிறிய கண்ணாடியைப் பிடியுங்கள். திரும்பத் திரும்ப ஆவி படிந்தால் ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள். 'அம்மா' என்னும்போது படிவது இயல்புதான். இது ஒரு அறிகுறி மட்டுமே, முடிவல்ல.

தெரபியா, மறுபடி ஆபரேஷனா?

தவறான இடத்தில் ஒலி எழுப்பும் பழக்கத்தை ஸ்பீச் தெரபியில் மாற்றலாம். அண்ணத்துக்குப் பின்னால் இடைவெளி இருந்தால், பயிற்சியால் மட்டும் அது மூடாது. மறு ஆபரேஷன் தேவைப்படலாம். பலூன் ஊதுவது, விசில் ஊதுவது பேச்சைத் திருத்தாது.

மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையை அகற்றச் சொன்னால், அண்ணப்பிளவு இருந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதை எடுத்த பிறகு மூக்கால் பேசுவது அதிகமாகலாம்.

எங்கே போவது?

மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் 18 வயது வரை அண்ணப்பிளவுக்கு இலவச சிகிச்சை உண்டு. அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ கேட்கலாம்.

வகுப்பில் கேலிக்குப் பயந்து வாயே திறக்காத குழந்தையை 'மந்தம்' என முடிவு கட்டிவிடக் கூடாது. பேச்சு தெளிவில்லை என்பதால் படிப்பு வராது என்று அர்த்தமில்லை. வயது கூடிவிட்டாலும் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. ஆனால், தவறான உச்சரிப்பு பழகப் பழக மாற்றுவது கடினம். அதனால் தள்ளிப்போடாதீங்க.